கிராசிங்கில் நிற்பவர்கள்

போன வாரம் காலை வண்டி அனுப்பம்பட்டு தாண்டி நின்றுவிட்டது. மகளிர் பெட்டியில் யாரும் எழுந்து எட்டிப் பார்க்கவில்லை. பூக்கூடையோடு தரையில் உட்கார்ந்திருந்த அம்மா மட்டும், "கிராசிங் போட்டுட்டான்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கும்மிடிப்பூண்டி லைனில் போய் வருகிறவர்களுக்கு இந்த வார்த்தைக்கு விளக்கம் தேவையில்லை. பின்னால் எக்ஸ்பிரஸ் வருகிறது, அது போகும்வரை நாம் நிற்க வேண்டும்.

என் பக்கத்தில் எங்கள் காலனிப் பெண் ஒருத்தி. எங்கள் மாலைநேர டியூஷனில் படித்தவள், இப்போது சென்னையில் பி.காம். முதலாம் ஆண்டு. முதல் பீரியட் வருகைப்பதிவு போய்விடுமே என்று மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு செல்போனில் ஒரு செய்தியைக் காட்டினாள்.

"அக்கா, ஐதராபாத்துக்கு மூணு மணி நேரத்துக்குள்ள போயிடுமாம். புல்லட் ரயில். மீஞ்சூர் பக்கம்தான் ஸ்டேஷனாம்."

"ஆமா, நானும் படிச்சேன்."

"நம்ம ஊர்ல நிக்குமாக்கா?"

நான் பதில் சொல்லவில்லை. அப்போது எக்ஸ்பிரஸ் கடந்து போனது. அந்த இரைச்சலில் நான் பதில் சொன்னதாகவே அவள் நினைத்திருக்கலாம். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நடப்பது என்ன என்று பார்ப்போம். 2025 மார்ச் 14 அன்று தமிழ்நாடு அரசின் நிதிநிலை அறிக்கையில் மூன்று மண்டல அதிவேக ரயில் வழித்தடங்களுக்குச் சாத்தியக்கூறு ஆய்வு அறிவிக்கப்பட்டது. சென்னையிலிருந்து செங்கல்பட்டு, திண்டிவனம் வழியாக விழுப்புரம். சென்னையிலிருந்து காஞ்சிபுரம் வழியாக வேலூர். கோவையிலிருந்து திருப்பூர், ஈரோடு வழியாகச் சேலம். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம். டெல்லிக்கும் மீரட்டுக்கும் இடையே 82 கிலோமீட்டருக்குத் திட்டமிடப்பட்டு, 2023 அக்டோபரில் முதல் 17 கிலோமீட்டரில் ஓடத் தொடங்கிய 'நமோ பாரத்' ரயில்தான் இதற்கு முன்மாதிரி.

சென்னையிலிருந்து கிளம்பும் இரண்டு தடங்களும் எந்தப் பக்கம் போகின்றன என்று கவனியுங்கள். ஒன்று தெற்கே, ஒன்று மேற்கே. எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி என்று நீளும் வடக்குப் பக்கம் அந்தப் பட்டியலில் இல்லை. அனல்மின் நிலையங்கள் வடக்கே, துறைமுகங்கள் வடக்கே, சிப்காட் வடக்கே. வேக ரயில் மட்டும் தெற்கேயும் மேற்கேயும்.

2026 பிப்ரவரி 1 அன்று மத்திய நிதிநிலை அறிக்கையில் ஏழு அதிவேக ரயில் வழித்தடங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றில் சென்னையைத் தொடுபவை இரண்டு: ஐதராபாத்–சென்னை, சென்னை–பெங்களூரு. ஐதராபாத் தடம் முதலில் கூடூர் வழியாக வருவதாக இருந்து, பிறகு திருப்பதி வழியாக மாற்றப்பட்டது. சென்னை சென்ட்ரலை அடுத்து மீஞ்சூர் அருகே வெளிவட்டச் சாலையையொட்டி ஒரு நிலையம் வரும் என்று செய்திகள் வந்தன. ஆக, வேகம் கடைசியில் நம் பக்கமும் வருகிறது. நாம் அதில் ஏறுவதற்காக அல்ல, நம்மைக் கடந்து போவதற்காக.

இப்போது இருக்கும் தடத்தைப் பார்ப்போம். சென்னைப் பக்கமிருந்து அத்திப்பட்டு வரை நான்கு தடங்கள் உண்டு. அதற்கு வடக்கே இரண்டே தடங்கள். அந்த இரண்டில்தான் ஹவுராவுக்கும் டெல்லிக்கும் விஜயவாடாவுக்கும் போகும் எக்ஸ்பிரஸ் வண்டிகள், சரக்கு வண்டிகள், நம் லோக்கல் வண்டிகள் எல்லாம் ஓட வேண்டும். அத்திப்பட்டு–கும்மிடிப்பூண்டி மூன்றாவது, நான்காவது தடம் என்பது இந்தப் பக்கத்து மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் பழைய கோரிக்கை.

2024 அக்டோபர் 11 இரவை மறந்திருக்க மாட்டீர்கள். மைசூரிலிருந்து தர்பங்கா போன பாக்மதி எக்ஸ்பிரஸ் கவரைப்பேட்டையில் நேராகப் போக வேண்டிய மெயின் லைனை விட்டு லூப் லைனுக்குள் புகுந்து, அங்கே நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதியது. உயிரிழப்பு இல்லை என்பது பெரிய ஆறுதல். அன்று இரவு எங்கள் பகுதி இளைஞர்கள் ஓடிப்போய் ஆட்களை இறக்கினார்கள். நம் வண்டி தினமும் கிராசிங்குக்கு ஒதுங்கி நிற்பதும் அப்படிப்பட்ட லூப் லைன்களில்தான். அன்றைக்குப் பிறகு வண்டி ஒதுங்கி நிற்கும்போதெல்லாம் பெட்டியில் யாராவது ஒருவர் கவரைப்பேட்டையைப் பேசாமல் இருப்பதில்லை.

நான் ரயிலுக்கு எதிரி இல்லை. என்னைப் படிக்க வைத்ததே இந்த லோக்கல்தான். என் தாத்தா இதே தடத்தில் கேங்மேன். மழைக்கால இரவுகளில் கையில் லாந்தரோடு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பார். அவர் வேலை பார்த்த கேங்கில் ஏறக்குறைய எல்லாரும் சேரிக்காரர்கள். அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டுக்கு ஓடு வந்தது, என் அப்பா பத்தாம் வகுப்பு வரை போனார். நான் சமூகவியலில் எம்.ஏ. படிக்க மாதச் சீசன் டிக்கெட்தான் வழிவிட்டது. ஊருக்குள் நடக்கும்போது நான் இன்ன தெரு, இன்னார் பேத்தி. பெட்டிக்குள் ஏறிவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு நான் யாரென்று தெரியாது. பதினேழு வயதில் அது எத்தனை பெரிய விடுதலை என்று, அதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

அதனால்தான் டிக்கெட் விலையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் ஏறக்குறைய 48 கிலோமீட்டர். லோக்கலில் 20 ரூபாய்க்குள் போய்விடலாம். டெல்லியில் நியூ அசோக் நகரிலிருந்து மீரட் தெற்கு வரை 55 கிலோமீட்டருக்கு 'நமோ பாரத்' சாதாரணப் பெட்டியில் 150 ரூபாய் வைத்தார்கள். போக வர 300. எங்கள் பக்கம் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் நாள் கூலியில் பாதியைப் பயணத்துக்கே கொடுக்க முடியுமா? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றுகொண்டே வந்து, சிப்காட்டின் இரும்பு உருக்கு ஆலைகளில் நெருப்புக்கு முன்னால் நிற்கும் தோழர்கள் அந்த ரயிலில் ஏறுவார்களா? வேக ரயில் வேண்டாம் என்பதற்காக இதைக் கேட்கவில்லை. பொதுப் பணம் எந்தப் பெட்டிக்கு முதலில் போகிறது என்பதற்காகக் கேட்கிறேன்.

அடுத்தது நிலம். இந்தத் தாலுகாவில் நிலத்தைப் பற்றிப் பேசினால் தேர்வாய் கண்டிகையைப் பேசாமல் இருக்க முடியாது. தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர் அது. தலைமுறைகளாக அவர்கள் ஆடு மாடு மேய்த்த, விறகு பொறுக்கிய, மரங்களைக் காத்துவந்த மேய்க்கால் நிலம் ஆயிரம் ஏக்கருக்கு மேல் சிப்காட் தொழிற்பூங்காவுக்காக எடுக்கப்பட்டது. 2009ல் பிரெஞ்சு டயர் நிறுவனமான மிஷெலினுடன் அரசு ஒப்பந்தம் போட்டது. மக்கள் போராடினார்கள், கைதானார்கள். 2012ல் அந்த ஊர் மக்கள் சங்கத்தின் புகார் பிரான்ஸ் வரை போனது. பன்னாட்டு நிறுவனங்களின் நடத்தையை விசாரிக்கும் அந்நாட்டு அமைப்பின் மேசையில் தேர்வாய் என்ற பெயர் இருந்தது. ஒரு சேரி அத்தனை தூரம் போனது நம் வரலாற்றில் சிறிய விஷயம் இல்லை. பிறகு அதே ஊரின் பெயரிலேயே கண்ணன்கோட்டை–தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் வந்தது. 2020 நவம்பர் 21 அன்று அது திறக்கப்பட்டது. சென்னையின் தாகத்துக்காகக் கட்டிய ஐந்தாவது ஏரி.

தேர்வாயில் நான் கற்ற பாடம் ஒன்றுதான். மக்கள் 'எங்கள் காடு' என்றார்கள், பதிவேடு 'புறம்போக்கு' என்றது. இரண்டுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் அவர்களுக்குத் தெரிய வந்தபோது அரசாணை வந்திருந்தது.

இது நேற்றைய கதையும் இல்லை. திருவள்ளூர் மாவட்டம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஒரு பகுதி. அந்தச் செங்கல்பட்டின் ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர், நிலமில்லாததால் பறையர் மக்கள் எப்படிக் கட்டுண்டு கிடக்கிறார்கள் என்று அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்துதான் 1892ல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலங்கள் கைமாறிப் போனதைக் கேட்டுத்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த காரணைப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். நம் மாவட்டத்தில் ஒரு புதிய தடத்துக்குக் கோடு போட்டால், அந்தக் கோடு எந்தெந்தச் சர்வே எண்ணில் பஞ்சமியைத் தொடுகிறது என்று முதலில் பார்க்க வேண்டியது நாம்தான். வேறு யாரும் பார்க்க மாட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? மாணவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். 2013 நிலம் எடுப்புச் சட்டத்தில் சமூகத் தாக்க மதிப்பீடு உண்டு, சில வகைத் திட்டங்களுக்கு நில உரிமையாளர்களின் ஒப்புதலும் உண்டு. ஆனால் அதன் நான்காம் அட்டவணையில் 13 சட்டங்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். 1989 ரயில்வே சட்டம் அதில் ஒன்று. நிலம் ரயில்வே சட்டத்தின் வழியாக எடுக்கப்பட்டால் சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயம் இல்லை. அறிவிக்கை வெளியான 30 நாளுக்குள் 'நிலத்தில் அக்கறை உள்ளவர்' ஆட்சேபணை தரலாம். யார் அக்கறை உள்ளவர்? இழப்பீட்டில் உரிமை கோருபவர், குத்தகை உரிமை உள்ளவர் என்று சட்டம் வரையறுக்கிறது. அந்த நிலத்தில் 20 வருடம் நாற்று நட்ட பெண்ணும், ஓரத்தில் குடிசை போட்டிருக்கும் இருளர் குடும்பமும் இந்த வரையறைக்குள் நுழையப் படாத பாடு பட வேண்டும்.

ஆனால் ஒரு கதவு திறந்திருக்கிறது. 2015 ஆகஸ்ட் 28 ஆணைப்படி, 2013 சட்டத்தின் இழப்பீடும் மறுவாழ்வும் அந்த 13 சட்டங்களுக்கும் பொருந்தும். மறுவாழ்வைச் சொல்லும் இரண்டாம் அட்டவணையில் ஒரு வரி இருக்கிறது: எந்தத் திட்டமாக இருந்தாலும், நிலம் இழப்பவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்தால், இழந்த அளவு நிலம் அல்லது இரண்டரை ஏக்கர், இதில் எது குறைவோ அது நிலமாகவே தரப்பட வேண்டும். பணம் இல்லை, நிலத்துக்கு நிலம். தவிர, சொந்த நிலம் இல்லாவிட்டாலும், அங்கே மூன்று ஆண்டுகளாகக் கூலி வேலையையோ வாரத்தையோ நம்பி வாழ்ந்த குடும்பமும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்'தான். எங்கள் கூட்டங்களில் இதைச் சொல்லும்போது பாதிப் பேர் முதல் முறையாகக் கேட்கிறார்கள். அதிகாரிகள் தாமாக வந்து சொல்லப்போவதில்லை.

பணத்திலும் சாதி இருக்கிறது. இழப்பீட்டை வழிகாட்டி மதிப்பையும், அக்கம்பக்கத்தில் பதிவான விற்பனைப் பத்திரங்களையும் வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். காலனி நிலத்தை வெளியாள் வாங்க வருவதில்லை. அதனால் பத்திரமும் குறைவு, மதிப்பும் குறைவு. ஒரே வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை. தீண்டாமை நிலத்தின் மேல் ரூபாய்க் கணக்கில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

இப்போது என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் இடத்தில் சாலை விரிவாக்கம் வந்தது. புறம்போக்கில் 14 குடும்பங்கள். நான் அவர்களோடு இருந்தேன். மனு கொடுத்தோம், ஆர்ப்பாட்டம் செய்தோம், பத்திரிகையில் படமும் வந்தது. கணக்கெடுப்புக்கு ஆட்கள் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை பகல். எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். ஆறு வீடுகளில் பூட்டு. பட்டியலில் எட்டுக் குடும்பங்கள்தான் ஏறின. மீதி ஆறு குடும்பங்களும் அங்கே வாழ்ந்தன என்று நிரூபிக்க எங்கள் கையில் முழக்க அட்டைகள் இருந்தன, தாள் இல்லை. அந்த ஆறு வீட்டில் ஒரு வீட்டு ஆயா என்னிடம் கேட்டார்: "இத்தினி படிச்சிருக்கியே, எங்க பேர ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்கக் கூடாதாம்மா?"

அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு எங்கே போனாலும் முதல் வேலையாக ஒரு நோட்டு போடுகிறேன்.

ஒருவேளை எல்லாம் நல்லபடியாகவே நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீஞ்சூர் பக்கம் பளபளக்கும் நிலையம் வருகிறது. அதிலிருந்து நம் தெருவுக்கு எப்படிப் போவது? பாபாசாகேப் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில் 1901 வாக்கில் நடந்ததை எழுதியிருக்கிறார். அப்பாவைப் பார்க்கக் கோரேகாவுக்குப் போன சிறுவன் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கி நிற்கிறான். நல்ல உடை, கையில் காசு. மகர் என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரரும் ஏற்றிக்கொள்ளத் தயாராக இல்லை. கடைசியில் இரட்டை வாடகை கொடுத்து, வண்டியையும் தாங்களே ஓட்டிப் போனார்கள் அந்தப் பிள்ளைகள். ரயில் அவரை நிலையம் வரை சமமாகக் கொண்டுவந்தது. நிலையத்துக்கு வெளியே சாதி காத்திருந்தது.

அது மராட்டியம், அது அந்தக் காலம் என்று சொல்லிவிட முடியாது. 2020 ஆகஸ்ட் 15 அன்று கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தில் ஆத்துப்பாக்கம் ஊராட்சியின் தலித் பெண் தலைவரால் தேசியக் கொடி ஏற்ற முடியவில்லை. செய்தி வெளியாகி, ஐந்து நாள் கழித்து ஆகஸ்ட் 20 அன்று மாவட்ட ஆட்சியர் வந்து நின்ற பிறகுதான் அவர் கொடியேற்றினார். ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் பக்கத்து ஒன்றியம் இது. வேகம் வந்தால் சாதி தானாகப் போய்விடும் என்று சொல்பவர்களை ஆத்துப்பாக்கத்துக்கு ஒருமுறை வந்து போகச் சொல்லுங்கள்.

அதனால் தோழர்களே, கோடு வரைபடத்திலிருந்து வயலுக்கு இறங்குவதற்கு முன்னால் நாம் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன.

ஒன்று, நோட்டு. மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை வட்டாரங்களில் இருக்கும் மாணவர்கள் அவரவர் காலனியில் வீடு வீடாகப் போய் எழுதுங்கள். குடும்பத்தில் யார் யார், எத்தனை வருடமாக இருக்கிறார்கள், பட்டாவா நத்தமா புறம்போக்கா, எந்த நிலத்தில் கூலி வேலை. ரேஷன் கார்டு, மின் ரசீது, பள்ளிச் சான்று எது இருந்தாலும் படம் எடுத்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் போனால் பூட்டிய வீடு இருக்காது.

இரண்டு, பதிவேடு. அரசின் இணையதளத்தில் பட்டாவும் 'அ' பதிவேடும் பார்க்கலாம். பஞ்சமி நிலத்துக்கு அது போதாது. பழைய பதிவேட்டை வட்டாட்சியர் அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். 'டி.சி. நிலம்' என்ற குறிப்பு வந்தால் அந்தச் சர்வே எண்ணை விடாதீர்கள்.

மூன்று, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு. நிலத்துக்கு நிலம், பூட்டிய வீட்டுக்கு மறு கணக்கெடுப்பு, அத்திப்பட்டு–கும்மிடிப்பூண்டி கூடுதல் தடம் முதலில் என்று மூன்று தீர்மானங்கள் எழுதிக்கொடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

நான்கு, வேலை. தூண் நடும்போது மண் சுமக்க நம் ஆட்களைக் கூப்பிடுவார்கள். நிலையம் திறந்த பிறகு துடைப்பம் பிடிக்கக் கூப்பிடுவார்கள், அதுவும் ஒப்பந்தத்தில். ஒப்பந்த வேலைக்கு இடஒதுக்கீடு இல்லை. ரயிலை ஓட்டும் வேலையிலும் சிக்னல் வேலையிலும் நம் ஐ.டி.ஐ., டிப்ளமோ பிள்ளைகளுக்கு எத்தனை இடம் என்பதை இப்போதே கேட்கத் தொடங்க வேண்டும். என் தாத்தாவுக்குக் கிடைத்தது நிரந்தர வேலை. அவர் கொள்ளுப்பேரனுக்கு அதைவிடக் குறைவாகக் கிடைப்பதை வளர்ச்சி என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அன்று வண்டி சென்ட்ரல் போய்ச் சேர 25 நிமிடம் தாமதம். அந்தப் பெண் பிளாட்பாரத்தில் ஓடினாள். முதல் பீரியட் போயிருக்கும். நேற்று மாலை அவளே எங்கள் மையத்துக்கு வந்தாள். கையில் 200 பக்க நோட்டு. முதல் பக்கத்தில் எங்கள் தெருவின் பெயரும், அதற்குக் கீழே 1 என்று போட்டு அவள் வீட்டின் விவரமும் எழுதியிருந்தாள்.

"நிக்குமா நிக்காதான்னு நீங்க சொல்லவே இல்லக்கா" என்றாள்.

"நம்ம ஊர்ல நிக்காது" என்றேன். "நாமதான் நிக்கணும். உக்காரு, ரெண்டாவது வீட்ட எழுதுவோம்."

ஜெய் பீம்.